ஒரு பாட்டுக்கு நாலு உடுப்பு

போன செமஸ்டர் சோதனை முடிந்த அன்று இரவு, ஹொஸ்டல் அறையில் ஐந்து பேர் ஒரு லப்டொப்பைச் சுற்றி இருந்து ஒரு போலந்துப் படம் பார்த்தோம். கறுப்பு வெள்ளைப் படம். பழைய டீவிப் பெட்டி மாதிரி ஒடுங்கின திரை. ஒன்றரை மணித்தியாலம் கூட இல்லை. அதுக்குள்ளயும் இரண்டு பேர் நித்திரை. படம் முடிந்த பிறகு கறுப்புத் திரையில் சின்னதாக ஒரு வரி வந்தது. 'என் பெற்றோருக்கு' என்பதுதான் அதின்ட கருத்து.

அந்த வரியைக் கண்ட பிறகு எனக்கு நித்திரை வரவில்லை. நான் பார்த்தது ஒரு பாட்டுக்காரியும் ஒரு பியானோக்காரனும் சேர்ந்து, பிரிந்து, திரும்பச் சேர்ந்து, திரும்பப் பிரிகிற காதல் கதை. அது ஒருத்தரின்ட அம்மா அப்பாவின்ட கதையா? அப்படியென்றால் அவர் எப்படி அதைச் சொல்லத் துணிந்தார்? எங்கட அம்மா அப்பாவின்ட இளமையை எங்களால் இப்படிச் சொல்ல ஏலுமா? அடுத்த நாள் படத்தைத் தனியாக இருந்து திரும்பவும் பார்த்தேன். பிறகு அதில் வருகிற வரலாற்றைத் தேடித் தேடி வாசிக்கத் தொடங்கினேன். இந்தக் கட்டுரை அப்படி வந்ததுதான்.

படத்தின் பெயர் 'கோல்ட் வோர்'. 2018இல் வந்தது. இயக்கியவர் பவெல் பவ்லிகோவ்ஸ்கி. 1957இல் வார்சோவில் பிறந்து, 14 வயதில் தாயோடு இங்கிலாந்துக்குப் போனவர். இதற்கு முதல் அவர் எடுத்த 'இடா' 2015இல் சிறந்த பிறமொழிப் படத்துக்கான ஒஸ்கார் விருதை வாங்கியது. 'கோல்ட் வோர்' கான் விழாவில் சிறந்த இயக்குநர் விருதை எடுத்தது. ஒஸ்காரில் மூன்று பிரிவுகளில் பரிந்துரைக்கப்பட்டு மூன்றிலும் அல்போன்சோ குவாரோனின் 'ரோமா'விடம் தோற்றது. அதுவும் தன்னை வளர்த்த பெண்ணை நினைத்து ஒருவர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம்தான்.

பவ்லிகோவ்ஸ்கியின் அம்மாவின் பெயர் ஸூலா. அப்பாவின் பெயர் விக்டர். படத்தில் வரும் இரண்டு பேருக்கும் அதே பெயர்கள்தான். ஆனால் நிஜ ஸூலாவும் விக்டரும் பாட்டுக்காரர் இல்லை. அம்மா 17 வயதில் வீட்டை விட்டு ஓடிப்போய் பாலே நடனக் குழுவில் சேர்ந்தவர். பிற்காலத்தில் வார்சோ பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படிப்பித்தவர். அப்பா ஒரு டொக்டர். இரண்டு பேரும் கலியாணம் கட்டி, பிரிந்து, வேறு ஆட்களைக் கட்டி, நாடு மாறி, வேறொரு நாட்டில் திரும்பச் சேர்ந்தவர்கள். ஏறக்குறைய 40 வருசம் இப்படியே போனது. 1989இல், பேர்லின் மதில் விழுவதற்குக் கொஞ்சம் முதல், இரண்டு பேரும் இறந்துபோனார்கள்.

இந்த 40 வருசத்தை ஒரு மகன் எப்படிச் சொல்லுவது? நடந்ததை நடந்தபடி அடுக்கினால் அது ஒரு குடும்பச் சண்டைக் கணக்காகத்தான் முடியும். பவ்லிகோவ்ஸ்கி வேறொன்று செய்தார். பெற்றோரின் கையில் இசையைக் கொடுத்தார். 1949 முதல் 1964 வரையான 15 வருசத்தை எடுத்து, அதற்குள் ஒரு நாட்டுப்புறப் பாட்டை ஓட விட்டார். இரண்டு சின்ன இதயங்களைப் பற்றிய ஒரு எளிய காதல் பாட்டு அது. படம் முழுக்க அந்தப் பாட்டு உடுப்பு மாத்திக்கொண்டே வருகிறது. நான் எண்ணிப் பார்த்தேன், நாலு உடுப்பு. ஒவ்வொரு உடுப்பையும் யார் போட்டுவிட்டது என்று கேட்டால், அந்தக் கால ஐரோப்பாவின் வரலாறு வெளியே வருகிறது.

முதலாவது உடுப்பு: கிராமத்துச் சிறுமி

படம் தொடங்கேக்க 1949. யுத்தம் முடிந்து நாலு வருசம். பனி, சேறு, இடிந்த தேவாலயம். விக்டரும் இரெனா என்ற இசை ஆசிரியையும் கச்மாரெக் என்ற நிர்வாகியும் ஒரு வாகனத்தில் ஒலிப்பதிவுக் கருவியோடு ஊர் ஊராகப் போகிறார்கள். கிழவர், கிழவி, பிள்ளைகள் எல்லாரும் பாடுகிறார்கள். அதில் ஒரு சின்னப் பிள்ளை அந்தப் பாட்டைப் பாடுகிறாள். வாத்தியம் இல்லை. மேடை இல்லை. கெமரா முகத்தைப் பார்த்தபடி நிற்கிறது.

இது கற்பனை இல்லை. போலந்தில் பாட்டுச் சேகரிப்பது பழைய வேலை. 19ஆம் நூற்றாண்டில் ஒஸ்கார் கொல்பெர்க் என்பவர் ஆயிரக்கணக்கான பாட்டுகளை எழுதிச் சேர்த்தார். 1930களில் யத்விகா சொபியெஸ்கா, மரியன் சொபியெஸ்கி போன்றவர்கள் காலத்தில் பாட்டுகளை ஒலிப்பதிவு செய்யத் தொடங்கினார்கள். வார்சோவிலும் பொஸ்னானிலும் ஒலிக் காப்பகங்கள் இருந்தன. யுத்தத்தில் அவை அழிந்துபோயின. போலந்தின் குடிமக்களில் ஏறக்குறைய 60 இலட்சம் பேர் செத்த யுத்தம் அது. அவர்களில் பாதிப் பேர் யூதர்கள். பாட்டுத் தெரிந்தவர்களும் போய்விட்டார்கள், பதிவு செய்து வைத்ததும் போய்விட்டது. அதனால்தான் 1950இல் சொபியெஸ்கி தம்பதி திரும்பவும் முதலிலிருந்து தொடங்கி, நாடு முழுக்கச் சேகரிப்புக் குழுக்களை அனுப்பினார்கள். எரிந்துபோன காப்பகம் என்றால் என்ன என்று எங்களுக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அந்த அவசரமும் எங்களுக்கு விளங்கும்.

ஆனால் இந்தப் பகுதியில் ஒரு சின்னக் காட்சி இருக்கு. முதல் தரம் நான் கவனிக்கவே இல்லை. பதிவு செய்த பாட்டு ஒன்றைக் கேட்டுவிட்டு, இது என்ன மொழி என்று கச்மாரெக் கேட்கிறார். லெம்கோ மொழி என்று பதில் வருகிறது. நல்ல பாட்டு, ஆனால் எங்கட இல்லையே என்ற கருத்தில் அவர் கவலைப்படுகிறார். அவ்வளவுதான் காட்சி. படம் அடுத்த இடத்துக்குப் போய்விடுகிறது.

லெம்கோக்கள் தென்கிழக்குப் போலந்தின் மலைப் பக்கத்தில் வாழ்ந்த ஒரு சிறுபான்மை இனம். 1947இல் போலந்து அரசு 'விஸ்துலா நடவடிக்கை' என்ற பெயரில் இராணுவத்தை அனுப்பி, ஏறக்குறைய 140,000 உக்ரேனியர்களையும் லெம்கோக்களையும் அவர்களின் ஊர்களிலிருந்து கிளப்பி, நாட்டின் வடக்கிலும் மேற்கிலும் சிதறவிட்டது. ஒரே ஊர்ச் சனம் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது என்பதும் திட்டத்தின் ஒரு பகுதி. படத்தில் அந்தப் பாட்டு பதிவாவது 1949இல். அதாவது அதைப் பாடிய சனத்தை அனுப்பி இரண்டு வருசம்கூட ஒழுங்காக முடியவில்லை. பவ்லிகோவ்ஸ்கி இதை எங்கேயும் விளக்கவில்லை. போலந்தில் இருப்பவருக்குத் தெரியும், தெரியாதவர் தேடட்டும் என்று விட்டுவிட்டார் போல. நான் தேடினேன். 'எங்கட இல்லை' என்ற அந்தச் சின்னச் சொல்லுக்குப் பின்னால் எத்தனை லொறி நின்றது என்று பிறகுதான் தெரிந்தது.

இரண்டாவது உடுப்பு: அரச மேடை

சேகரித்த பாட்டுகளைப் பாடி ஆட ஊர்களிலிருந்து பிள்ளைகளைத் தெரிவு செய்கிறார்கள். அதில் ஒருத்தி ஸூலா. உண்மையில் அவள் கிராமத்துப் பிள்ளையே இல்லை. நகரத்திலிருந்து வந்து நடிக்கிறாள். தனியாக ஒரு பாட்டுப் பாடச் சொன்னால், ரஷ்யப் படம் ஒன்றிலிருந்து ஒரு பாட்டைப் பாடுகிறாள். தகப்பனைக் கத்தியால் குத்தியவள் என்ற கதையும் அவளைச் சுற்றி இருக்கு. கேட்டால், அவன் என்னை அம்மா என்று நினைத்துவிட்டான், வித்தியாசத்தைக் கத்தியால் காட்டினேன் என்ற மாதிரி ஒரு பதில். 'சுத்தமான கிராமியக் குரல்' தேடிப் போனவர்களுக்குக் கிடைத்தது இப்படி ஒருத்தி. அவள்தான் அந்தக் குழுவின் நட்சத்திரமாகவும் ஆகிறாள்.

படத்தில் குழுவின் பெயர் 'மஸுரெக்'. நிஜத்தில் அது 'மஸோவ்ஷே'. 1948 நவம்பரில் கலாசார அமைச்சின் உத்தரவால் உருவான குழு. தொடக்கியவர்கள் இசையமைப்பாளர் ததெயுஷ் சிகியெதின்ஸ்கியும் அவர் மனைவி மீரா ஸிமின்ஸ்காவும். மீரா யுத்தத்துக்கு முதல் வார்சோவின் கபரே மேடைகளில் பெயர் பெற்ற நடிகை. இரண்டு பேரும் வார்சோவுக்குப் பக்கத்தில் கரோலின் என்ற இடத்தில் பிள்ளைகளை வைத்துப் பழக்கினார்கள். மீரா ஊர் ஊராகப் போய் பழைய உடுப்புகளையும் சேகரித்தார். 1950 நவம்பரில் வார்சோவில் முதல் நிகழ்ச்சி. 1954இல் பாரிஸ் வரைக்கும் போனார்கள். 1955இல் சிகியெதின்ஸ்கி செத்த பிறகு மீராவே குழுவை நடத்தினார், 1997இல் தான் சாகும் மட்டும். குழு இன்றைக்கும் இருக்கு. இந்தப் படத்திலேயே அவர்கள்தான் பாடி ஆடுகிறார்கள். ஸூலாவாக நடித்த யோவன்னா குலிக்கும் அவர்களிடம் போய்ப் பழகியவர்.

சிறுமி பாடிய அதே பாட்டு இப்போது மேடைக்கு வருகிறது. பெரிய கோரஸ், வாத்தியக் குழு, பூப்போட்ட பாவாடை, நடுவில் ஸூலா. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, பொய் சொல்லத் தேவையில்லை. அவ்வளவு அழகு. ஆனால் கிராமத்தில் ஒரு பாட்டுக்கு ஒரு வேலை இருக்கும். வயலில் பாடுவது, கலியாண வீட்டில் பாடுவது, பிள்ளையை நித்திரையாக்கப் பாடுவது. மேடையில் அந்த வேலை இல்லை. மேடையில் பாட்டின் வேலை, 'இதுதான் எங்கட சனம், பாருங்கோ எவ்வளவு சந்தோசமா இருக்குதுகள்' என்று காட்டுவது.

நிகழ்ச்சி முடிய ஒரு அதிகாரி வருகிறார். பாராட்டுகிறார். பிறகு மெல்ல, காணிச் சீர்திருத்தம் பற்றியும், உலக சமாதானம் பற்றியும், பாட்டாளி மக்களின் தலைவர் பற்றியும் ஒன்றிரண்டு பாட்டுச் சேர்த்தால் நல்லது என்கிறார். கிராமத்துச் சனம் அதுகளைப் பற்றிப் பாடுறேல்ல என்று இரெனா மறுக்கிறார். வழிகாட்டினால் பாடுவார்கள் என்று கச்மாரெக் இடையில் விழுந்து ஒத்துக்கொள்கிறார். அடுத்த காட்சியில் கோரஸுக்குப் பின்னால் ஸ்ராலினின் பெரிய படம் எழும்புகிறது. விக்டர் ஒன்றும் சொல்லாமல் இசையை நடத்துகிறார். இரெனாவைக் கொஞ்சத்தில் படத்தில் காணவே இல்லை. எங்கே போனார் என்று யாரும் சொல்லவும் இல்லை.

இதுவும் அந்தக் காலத்தின் ஒழுங்குதான். 1949 ஓகஸ்டில் போலந்து இசையமைப்பாளர்களை வாகுவ் என்ற ஊரில் கூட்டி, சோவியத் பாணி சோசலிச யதார்த்தவாதம்தான் இனிப் பாதை என்று அறிவித்தார்கள். மக்களுக்கு விளங்குகிற மெட்டு, நாட்டுப்புற வேர், நம்பிக்கை தருகிற தொனி. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் எது மக்களுடையது என்று தீர்மானிப்பது மக்கள் இல்லை. ஜாஸ் மேற்கின் அழுகல் என்று ஒதுக்கப்பட்டது. பிடித்தவர்கள் வீடுகளுக்குள் ஒளித்து வாசித்தார்கள். அந்த வருசங்களைப் போலந்து ஜாஸ்காரர்கள் நிலவறைக் காலம் என்று சொல்லுவார்கள்.

ஒரு பாட்டைத் தடை செய்வதுதான் அடக்குமுறை என்று நாங்கள் வழக்கமாக நினைப்போம். இந்தப் படம் இன்னொரு வழியைக் காட்டுகிறது. பாட்டைத் தடை செய்யத் தேவையில்லை. நல்ல உடுப்புப் போட்டு, சம்பளம் கொடுத்து, வெளிநாட்டுக்கு அனுப்பி, மேடையின் நடுவில் நிறுத்தினாலே காணும். அது பிறகு கேட்டதை எல்லாம் பாடும்.

ஆனால் இதை ஒரு பக்கமாகச் சொல்லவும் ஏலாது. அந்தக் குழு இல்லாவிட்டால் அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் தங்கட ஊரைத் தாண்டியிருப்பார்கள்? ஸூலாவுக்கே அது தப்பிப் போகும் வழி. சாப்பாடு, கட்டில், பாட்டு, பேர். அவள் விக்டரைப் பற்றிக் கச்மாரெக்கிடம் ஒவ்வொரு கிழமையும் அறிக்கை கொடுத்தவள் என்பதையும் புல்வெளியில் படுத்திருந்து அவனிடமே சொல்லுகிறாள். அவள் சிறை போகாமல் இருக்க அதுதான் விலை. படம் அவளை மன்னிக்கவும் இல்லை, குற்றம் சாட்டவும் இல்லை. அந்தக் காலத்தில் அப்படி இருந்தது என்று மட்டும் காட்டுகிறது.

மூன்றாவது உடுப்பு: பாரிஸ், ஜாஸ்

1952இல் குழு கிழக்கு பேர்லினுக்குப் போகிறது. அப்போது மதில் இல்லை. மதில் கட்டினது 1961இல். அதனால் ஒரு சூட்கேசோடு நடந்தே மேற்குக்குப் போகலாம். விக்டர் போகிறார். ஸூலா வரவில்லை. ஏன் வரவில்லை என்பதற்கு அவள் பிறகு ஒரு காரணம் சொல்லுகிறாள், ஆனால் அந்த நேரத்தில் நாங்கள் பார்ப்பது விருந்தில் நிற்கும் அவளின் முகத்தை மட்டும்தான்.

1955இல் விக்டர் அவளைப் பார்க்க யூகோஸ்லாவியாவுக்கு வருகிறார். டிட்டோ 1948இலேயே ஸ்ராலினோடு முறித்துக்கொண்டதால் அந்த நாடு இரண்டு முகாமுக்கும் நடுவில் நின்றது. அதனால்தான் ஓடிப்போன ஒருவர் அங்கே துணிந்து வர முடிந்தது. வந்தாலும் நிகழ்ச்சி முடிவதற்குள் அவரை ரயில் ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள். 1957இல் ஸூலா ஒரு இத்தாலியனைக் கலியாணம் கட்டி, சட்டப்படி வெளியேறி பாரிஸுக்கு வந்து சேருகிறாள்.

அங்கே ஒரு கிளப்பில் அதே பாட்டு. இப்போது பியானோவும் டபிள் பேஸும். போலிஷ் மொழிதான், ஆனால் வேகம் குறைந்து, புகைக்குள் கரைந்து போகிற மாதிரி ஸூலா பாடுகிறாள். எனக்கு இந்த உடுப்புத்தான் கூடப் பிடித்தது. இங்கே பாட்டு சுதந்திரமாகிவிட்டது என்று நினைக்கத் தோன்றும்.

ஆனால் ஜாஸும் அந்த யுத்தத்துக்கு வெளியே நிற்கவில்லை. 1955 முதல் அமெரிக்காவின் குரல் வானொலியில் வில்லிஸ் கொனோவர் நடத்திய ஜாஸ் நிகழ்ச்சியைக் கிழக்கு ஐரோப்பா முழுக்க இரவிரவாகக் கேட்டார்கள். 1956இல் அமெரிக்க வெளியுறவுத் திணைக்களம் டிஸி கில்லெஸ்பியைத் தூதுவர் மாதிரி உலகம் சுற்ற அனுப்பியது. அமெரிக்காவுக்குள் கறுப்பின மக்களுக்குச் சம உரிமை இல்லாத நேரம் அது. அந்தக் குறையை வெளியே மறைக்கவும் கறுப்பினக் கலைஞர்களின் இசைதான் உதவியது. அதே வருசம் ஓகஸ்டில் போலந்தின் சொபொட் நகரில் வெளிப்படையாக ஜாஸ் விழா நடந்தது. ஸ்ராலின் செத்து மூன்று வருசம், கொஞ்சம் காற்று வரத் தொடங்கின காலம். க்ஷிஸ்தொப் கொமெடா என்ற டொக்டர் பியானோவோடு மேடைக்கு வந்தது அங்கேதான். 1958இல் டேவ் புரூபெக்கின் குழு போலந்து முழுக்க வாசித்தது. அதே சுற்றுப் பயணத்தில் அவர்கள் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தார்கள். கோல்ட் வோர் எங்கேயோ பனிக்குள் நடந்தது என்று நான் நினைத்திருந்தேன். அதின்ட ஒரு கச்சேரி கொழும்பிலும் நடந்திருக்கு.

ஆக கிழக்கு ஒரு பாட்டுக்குப் பூப்பாவாடை போட்டது, மேற்கு இன்னொரு பாட்டுக்குக் கோட் போட்டது. வித்தியாசம் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பாரிஸில் பிழையாகப் பாடினால் யாரும் உங்களைச் சிறையில் போடமாட்டார்கள். அந்த வித்தியாசம் பெரிய வித்தியாசம். ஆனால் இசை இரண்டு பக்கமும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது என்பதும் உண்மை.

நாலாவது உடுப்பு: பிரெஞ்சு

விக்டர் ஸூலாவைப் பெரிய பாடகியாக்க விரும்புகிறார். ஒரு இசைத்தட்டுப் போட வேண்டும். அதற்குப் பாட்டு பிரெஞ்சில் இருக்க வேண்டும். மொழிபெயர்ப்பது விக்டரின் முன்னாள் காதலியான ஒரு கவிஞர். அதில் வருகிற ஓர் உருவகம் ஸூலாவுக்குப் பிடிக்கவில்லை, விளங்கவும் இல்லை. விக்டருக்கோ அதுதான் கவிதை. கடைசியில் பாடிக் கொடுக்கிறாள், இசைத்தட்டும் வெளிவருகிறது. அவள் அதை ஒரு நீரூற்றுக்குள் எறிந்துவிட்டு நடக்கிறாள். இதற்கிடையில் ஒரு இரவு கிளப்பில் 'ரொக் அரவுண்ட் த குளொக்' போடுகிறார்கள். ஸூலா எழும்பி ஆடத் தொடங்கி, கடைசியில் பார் மேசைக்கு மேலேயே ஏறி ஆடுகிறாள். விக்டர் இருந்த இடத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். படம் முழுக்க அவளுக்கு யாரும் உடுப்புப் போட்டுவிடாத ஒரே நேரம் அது என்றுதான் எனக்குப் பட்டது.

கொஞ்ச நாளில் அவள் போலந்துக்கே திரும்பிப் போய்விடுகிறாள். அதற்குப் பிறகு நடப்பதை நான் சொல்ல மாட்டேன், பார்க்காதவர்கள் பாருங்கோ. ஒன்று மட்டும்: 1964இல் ஸூலா ஒரு கறுப்பு விக் போட்டுக்கொண்டு, லத்தீன் அமெரிக்க மெட்டு மாதிரி ஒரு சந்தோசப் பாட்டைப் பாடிவிட்டு, மேடையை விட்டு இறங்கி நிற்க முடியாமல் நிற்பாள். அது கிராமத்துப் பாட்டும் இல்லை, தலைவர் பாட்டும் இல்லை. அதில் ஒன்றுமே இல்லை. முதலில் பாடிய அந்தச் சின்னப் பிள்ளையை அப்போது நினைத்துப் பார்த்தேன்.

அந்தப் பிள்ளையைப் பற்றித்தான் படத்தோடு எனக்கு ஒரு சண்டையும் இருக்கு. பாட்டு பாரிஸ் வரைக்கும் போகிறது. பிள்ளை போகவில்லை. ஒருதரம் முகம் காட்டிவிட்டுக் காணாமல் போகிறாள். சேகரித்தவர்களுக்குப் பேர், பாடினவளுக்குப் பேர், மொழிபெயர்த்தவருக்கும் பேர். முதலில் வாய் திறந்தவள் யார்? பவ்லிகோவ்ஸ்கி அரசை விமர்சிக்கிறார், மேற்கையும் விமர்சிக்கிறார், ஆனால் அவரின் கெமராவும் அந்தப் பிள்ளையிடம் பாட்டை வாங்கிக்கொண்டு வாகனத்தில் ஏறிவிட்டது. கலைப்பீடத்தில் நாட்டாரியல் படிக்கிற நாங்களும் போனைத் தூக்கிக்கொண்டு பதிவு செய்யப் போகேக்க இதை ஒருக்கா யோசிக்கிறது நல்லம்.

இடைவெளிகள்

இனி நான் தொடங்கின கேள்விக்கு வாறன். பெற்றோரின் இளமையை எப்படிச் சொல்லுவது?

படத்தில் ஒவ்வொரு வருசத்துக்கும் இடையில் திரை கறுப்பாகும். இரண்டு மூன்று செக்கன். பிறகு அடுத்த ஊரின் பெயரும் வருசமும். 1952இலிருந்து 1954. 1955இலிருந்து 1957. ஸ்ராலின் செத்த 1953 படத்தில் இல்லை. போலந்தே ஆடிப்போன 1956உம் இல்லை. ஸூலா அந்த இத்தாலியனை எப்படிச் சந்தித்தாள் என்றும் இல்லை. முதல் தரம் பார்க்கேக்க இது சோம்பல் என்று நினைத்தேன். பாதிக் கதையைக் காணேல்ல எண்டு அறையில் ஒருத்தர் கத்தினதும் ஞாபகம்.

இரண்டாம் தரம்தான் விளங்கியது. ஒரு பிள்ளைக்குப் பெற்றோரின் கதை அப்படித்தான் கிடைக்கும். அவர்கள் தங்களுக்குள் கதைக்கேக்க விழுகிற ஒரு ஊர்ப் பெயர். ஒரு வருசம். ஒரு பாட்டு. நடுவில் இருப்பது கறுப்பு. பவ்லிகோவ்ஸ்கி அந்தக் கறுப்பைக் கற்பனையால் நிரப்பியிருக்கலாம். அவர் நிரப்பவில்லை. தெரிந்த துண்டுகளைப் பாட்டால் கட்டினார், தெரியாததைக் கறுப்பாகவே விட்டார். அம்மாவின் பாலேயைப் பாட்டாக மாற்றினது பொய்தான். ஆனால் 'எனக்கு இவ்வளவுதான் தெரியும்' என்று அந்தக் கறுப்பு ஒத்துக்கொள்கிறது. இந்த இரண்டும் ஒரே படத்தில் இருக்கிறபடியால்தான் நான் அதை நம்புகிறேன்.

எங்கட வீட்டிலும் இப்படித்தான். அம்மாவின்ட இளமை யாழ்ப்பாணத்தில. அவவிடம் நான் கேட்டு வாங்கின முழுக் கதை ஒன்றே ஒன்றுதான். 1993. அவவுக்கு 16 வயது. கரண்ட் இல்லை, பற்றரி வாங்க ஏலாது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுத்தி, டைனமோவில் ரேப் ரெக்கோர்டரை ஓட விட்டுப் பாட்டுக் கேட்டார்களாம். அந்தக் காலத்துச் சனம் எல்லாரும் சொல்லுகிற கதைதான். ஆனால் அம்மா சொல்லேக்க அதில் ஒரு விசயம் இருக்கும். சுத்துகிற ஆளின் கை களைத்தால் பாட்டும் களைக்குமாம். பாட்டுக்காரரின் குரல் இழுபட்டு இழுபட்டு, கிழவன் குரல் மாதிரி வருமாம். உடனே எல்லாரும் சிரித்துவிட்டு அடுத்த ஆள் பெடலைப் பிடிப்பாராம்.

அதற்குப் பிறகு அம்மாவின் கதையில் நேராக 1998 வரும். வேற ஊர், வேலை, அப்பா. நடுவில் 1995 இருக்கு. அந்த வருசம் யாழ்ப்பாணத்துக்கு என்ன நடந்தது என்று புத்தகத்தில் எனக்குத் தெரியும். அம்மாவுக்கு என்ன நடந்தது என்று தெரியாது. முந்தி நான் அதைத்தான் குடைந்து குடைந்து கேட்பேன். அவ எழும்பி அடுப்படிக்குப் போய்விடுவா.

இந்தப் படம் பார்த்த பிறகு வந்த லீவில் வீட்டுக்குப் போனேன். இந்த முறை 1995ஐக் கேட்கவில்லை.

"அம்மா, சைக்கிள் சுத்திக் கேட்டதில எந்தப் பாட்டு உங்களுக்குக் கூட விருப்பம்?" என்று கேட்டேன்.

"இப்ப என்னத்துக்கு அது?" என்றா. பிறகு ஒரு இளையராஜா பாட்டைச் சொன்னா. பாடச் சொன்னேன். வெக்கப்பட்டா. பிறகு அரிசி புடைத்துக்கொண்டே மெல்லப் பாடினா. சுளகுச் சத்தத்தோடு அதை போனில் பதிந்தேன், அவவிடம் கேட்டுத்தான். நாலு நிமிசம் வரும். நடுவில் ஒரு இடத்தில் பாட்டை நிப்பாட்டி, "அந்தக் கசெட் என்ர சிநேகிதியின்ட" என்று சொன்னா. பிறகு கன நேரம் ஒன்றும் சொல்லவில்லை. சுளகும் நின்றுவிட்டது. முற்றத்தில் காகம் கத்துகிறது மட்டும் கேட்கும். பிறகு விட்ட இடத்திலிருந்து பாட்டைத் திரும்பத் தொடங்கினா.

அந்தத் துண்டை வெட்டிவிட்டால் பாட்டுக் கேட்க நல்லா இருக்கும் என்று அறையில் ஒருத்தர் சொன்னார். நான் வெட்டவில்லை.